அத்தியாயம் 9: ஓவர்ரைடு செய்தாகிவிட்டது, பழைய மெத்தடே ஓடுகிறது

சேய் கிளாஸில் மெத்தடைப் புதிதாக எழுதியாயிற்று. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புரோகிராமும் ஓடுகிறது. ஆனால் திரையில் வருவது தாய் கிளாஸின் பழைய விடை. இந்த இடத்தில் பலரும் மெத்தடின் உள்ளே இருக்கும் வரிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். அது வீண் வேலை. ஓடாத மெத்தடின் உள்ளே எதை மாற்றினாலும் விடை மாறாது.

பழுது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்:

1. நீங்கள் எழுதியது ஓவர்ரைடே இல்லை.
2. ஓவர்ரைடு சரி, ஆனால் அங்கே இருப்பது வேறு கிளாஸின் ஆப்ஜெக்ட்.
3. ஆப்ஜெக்டும் சரி, ஆனால் ஓடுவது பழைய பில்டு.
4. உங்கள் மெத்தட் ஓடுகிறது, விளைவுதான் கண்ணில் படவில்லை.

இந்த வரிசையிலேயே தேடுங்கள். முதலாவதைச் சோதிக்க ஒரு வரி எழுதினால் போதும். கீழே போகப்போக நேரம் கூடும். பலர் நான்காவதிலிருந்து தொடங்கி, மாலை வரை சுற்றிவிட்டு, கடைசியில் முதலாவதில் வந்து நிற்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகள் ஜாவாவில் உள்ளன. மற்ற மொழிக்காரர்களுக்கு இறுதியில் தனிப் பகுதி உண்டு. நிரல் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். எடிட்டரில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## தெரிந்திருக்க வேண்டிய இரண்டே விதிகள்

ஓவர்ரைடு: மெத்தடின் பெயர், பாராமீட்டர்களின் எண்ணிக்கை, டைப், வரிசை எல்லாம் தாய் கிளாஸில் உள்ளபடியே இருக்க வேண்டும். எந்த மெத்தட் ஓட வேண்டும் என்பது புரோகிராம் ஓடும்போது, ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸை வைத்து முடிவாகும்.

ஓவர்லோடு: பெயர் மட்டும் ஒன்று, பாராமீட்டர்கள் வேறு. எந்த வடிவத்தை அழைப்பது என்பதைக் கம்பைலர் முன்கூட்டியே முடிவுசெய்துவிடும். அதற்கு அது பார்ப்பது வேரியபிளை நீங்கள் எந்த டைப்பாக அறிவித்தீர்கள் என்பதை மட்டுமே.

ஓவர்ரைடு என்று நினைத்து ஓவர்லோடு எழுதிவிடுவதுதான் இந்தத் துறையின் தலையாய பிழை.

## தொடங்கும் முன்

1. இப்போதுள்ள நிரலைக் கிட்டில் கமிட் செய்துவிடுங்கள். தேடும் வேகத்தில் நன்றாக இருந்த வரியையும் கெடுத்துவிட்டால் திரும்பி வர வழி வேண்டும்.
2. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரில் சோதிக்காதீர்கள். அதே பழுதை உங்கள் கணினியிலோ டெஸ்ட் சர்வரிலோ வரவழையுங்கள்.
3. என்ன இன்புட் கொடுத்தீர்கள், என்ன விடை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள்.
4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றிப் பழுது தீர்ந்தால் எது தீர்த்தது என்று தெரியாது.

எச்சரிக்கை: சோதனைக்காகப் பிரிண்ட் வரிகள் சேர்க்கும்போது ஆப்ஜெக்டை முழுதாக அச்சிடாதீர்கள். பாஸ்வேர்டு, கார்டு எண், வாடிக்கையாளரின் ஃபோன் எண் எல்லாம் லாக் ஃபைலில் போய் உட்கார்ந்துவிடும். வேண்டிய ஓரிரு மதிப்புகளை மட்டும் அச்சிடுங்கள்.

## படி 1: @ஓவர்ரைடு என்ற ஒரு வரி

சேய் கிளாஸில் உள்ள மெத்தடுக்கு நேர் மேலே @ஓவர்ரைடு என்று எழுதி, கம்பைல் செய்யுங்கள்.

இந்தக் குறிப்பு 2004-இல் வெளியான ஜாவா 5-இல் வந்தது. இன்டர்ஃபேஸ் மெத்தடுகளுக்கும் இதை எழுதலாம் என்ற வசதி 2006-இல் ஜாவா 6-உடன் வந்தது. எழுதாவிட்டாலும் ஓவர்ரைடு நடக்கும். எழுதினால், கம்பைலர் உங்களுக்காக ஒரு சரிபார்ப்பைச் செய்யும்.

- பிழை வந்தால்: "இந்த மெத்தட் மேலே உள்ள எதையும் ஓவர்ரைடு செய்யவில்லை" என்ற பொருளில் செய்தி வரும். பழுது அகப்பட்டுவிட்டது. படி 2-க்குப் போங்கள்.
- பிழை வராவிட்டால்: ஏதோ ஒரு மெத்தடை ஓவர்ரைடு செய்திருக்கிறீர்கள் என்பது உறுதி. படி 3-க்குப் போங்கள்.

பொதுவான தவறு: பிழை வந்ததும் @ஓவர்ரைடு வரியை அழித்துவிட்டு, "இப்போது கம்பைல் ஆகிறது" என்று மேலே போவது. பிழைச் செய்தியை அடக்கினால் பழுது தீராது, பார்வையிலிருந்து மறையும், அவ்வளவுதான்.

## படி 2: பிழை வந்ததா? காரணத்தைப் பிடியுங்கள்

தாய் கிளாஸின் மெத்தட் வரியையும் உங்கள் வரியையும் மேலும் கீழுமாக வைத்து ஒப்பிடுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று அகப்படும்.

### 2.1 பாராமீட்டர் டைப் மாறியிருக்கிறது

ஒரு கடையின் பில் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். தாய் கிளாஸின் பெயர் "பில்". அதில் உள்ள மெத்தட்:

தொகை(இன்ட் அளவு, டபுள் விலை)

பத்து சதவீதத் தள்ளுபடிக்காக "தள்ளுபடிபில்" என்ற சேய் கிளாஸ் எழுதுகிறீர்கள். அதில்:

தொகை(இன்ட் அளவு, இன்ட் விலை)

விலை டபுளாக இருந்த இடத்தில் இன்ட் வந்துவிட்டது. இப்போது 200 ரூபாய்ப் பொருள் மூன்று வாங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

- வேரியபிளைத் தள்ளுபடிபில் என்று அறிவித்து, தொகை(3, 200) என்று அழைத்தால் விடை 540. தள்ளுபடி கிடைக்கிறது.
- அதே ஆப்ஜெக்டைப் பில் என்று அறிவித்த வேரியபிளில் வைத்து, தொகை(3, 200) என்று அழைத்தால் விடை 600. தள்ளுபடி போயே போயிற்று.
- தள்ளுபடிபில் வேரியபிளிலேயே தொகை(3, 199.50) என்று அழைத்தாலும் தாய் கிளாஸின் மெத்தடே ஓடும். விலையில் புள்ளி வந்ததால் இன்ட் வடிவம் பொருந்தாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தனியாக எழுதிப் பார்த்த சிறு சோதனையில் எல்லாம் சரியாக வரும். கடைப் புரோகிராமின் மற்ற பகுதிகள் பில் என்ற டைப் வழியாகவே அழைப்பதால் அங்கே மட்டும் பழைய விடை வரும். "என் கணினியில் சரியாக இருந்ததே" என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு: பாராமீட்டரை டபுள் என்று மாற்றுங்கள். இன்ட், இன்டிஜர் என்ற ஜோடியிலும், இன்ட், லாங் என்ற ஜோடியிலும் இதே பொறி இருக்கிறது.

குறிப்பு: எளிமைக்காக இங்கே டபுள் எடுத்தோம். பணக் கணக்கு போடும் நிஜப் புரோகிராமில் பிக்டெசிமல் டைப்பையே பயன்படுத்துங்கள்.

### 2.2 ஈக்குவல்ஸ் மெத்தடில் சொந்தக் கிளாஸைப் பாராமீட்டராக வைத்தது

மாணவர் என்ற கிளாஸில் ஈக்குவல்ஸ்(மாணவர் ம) என்று எழுதினால் அது ஓவர்லோடு. மேலே உள்ளது ஈக்குவல்ஸ்(ஆப்ஜெக்ட் ஓ). அர்ரேலிஸ்டின் கன்டெய்ன்ஸ் மெத்தடும் ஹேஷ்செட்டும் அழைப்பது ஆப்ஜெக்டை வாங்கும் வடிவத்தை மட்டுமே. உங்களுடையதை அவை திரும்பிக்கூடப் பார்க்காது.

தீர்வு: பாராமீட்டரை ஆப்ஜெக்ட் என்றே வையுங்கள். உள்ளே போனபின் டைப்பைச் சோதித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

### 2.3 பெயரில் ஓர் எழுத்து

ஜாவாவில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. டுஸ்ட்ரிங் என்பதில் நடுவில் வரும் எஸ் பெரிய எழுத்து. ஹேஷ்கோடு என்பதில் சி பெரிய எழுத்து. இரண்டையும் முழுக்கச் சிறிய எழுத்தில் எழுதினால் புதிய மெத்தட் பிறக்கும், யாரும் அதை அழைக்க மாட்டார்கள்.

ஸ்விங் நிரலில் மவுஸ்அடாப்டர் கிளாஸை நீட்டிப்பவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அந்தக் கிளாஸில் மெத்தடுகள் எல்லாம் ஏற்கெனவே காலியாக எழுதப்பட்டிருக்கின்றன. மவுஸ்கிளிக்டு என்பதில் சி-யைச் சிறியதாக எழுதிவிட்டால் காலி மெத்தடே ஓடும். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பிழையும் வராது, பலனும் வராது.

### 2.4 அந்த மெத்தட் தாய் கிளாஸில் இல்லவே இல்லை

ஜேஃபிரேமை நீட்டித்து அதில் பெயின்ட்காம்போனன்ட் எழுதுவது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த மெத்தட் ஜேகாம்போனன்ட் வழியில் வருவது. ஜேபேனலுக்கு உண்டு, ஜேஃபிரேமுக்குக் கிடையாது. படம் வரைவதை ஒரு ஜேபேனலில் எழுதி, அந்தப் பேனலை ஃபிரேமில் சேருங்கள்.

### 2.5 ஓவர்ரைடு செய்ய அனுமதியே இல்லாத மெத்தட்

- பிரைவேட்: தாய் கிளாஸின் பிரைவேட் மெத்தடைச் சேய் கிளாஸ் ஓவர்ரைடு செய்ய முடியாது. அதே பெயரில் எழுதினால் அது தனி மெத்தட். தாய் கிளாஸ் உள்ளுக்குள் தன்னுடையதையே அழைக்கும்.
- ஸ்டாட்டிக்: அதே பெயரில் எழுதினால் மறைத்தல் நடக்குமே தவிர ஓவர்ரைடு நடக்காது. எது ஓடும் என்பது அறிவித்த டைப்பைப் பொறுத்தது.
- அனுமதிச் சொல் எதுவும் இல்லாத மெத்தட்: பப்ளிக், புரொடெக்டெட், பிரைவேட் மூன்றும் இல்லையென்றால் அது அந்தப் பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும். சேய் கிளாஸ் வேறு பேக்கேஜில் இருந்தால் ஓவர்ரைடு நடக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலில், ஃபைல்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு கிளாஸை வேறு பேக்கேஜுக்கு நகர்த்திய மறுநாள் தலைதூக்கும் பழுது இது. @ஓவர்ரைடு இல்லாத நிரலில் கம்பைலர் இதைச் சொல்லவும் சொல்லாது.
- ஃபைனல்: இதில் குழப்பமில்லை. @ஓவர்ரைடு இல்லாவிட்டாலும் கம்பைலரே நிறுத்திவிடும்.

எச்சரிக்கை: பிரைவேட்டாக இருக்கிறது என்பதற்காக உடனே பப்ளிக் ஆக்கிவிடாதீர்கள். சேய் கிளாஸ் மாற்ற வேண்டிய மெத்தடுதான் என்று உறுதியானால் புரொடெக்டெட் போதும். தாய் கிளாஸை எழுதியவர் வேறொருவர் என்றால் அவரைக் கேட்டபின் மாற்றுங்கள். பிரைவேட்டாக வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம்.

ஒரு சொல்: வேரியபிள்களுக்கு ஓவர்ரைடே கிடையாது. சேய் கிளாஸில் அதே பெயரில் வேரியபிள் அறிவித்தால் ஆப்ஜெக்டுக்குள் இரண்டு வேரியபிள்கள் இருக்கும். தாய் கிளாஸின் மெத்தடுகள் தாயினுடையதையே படிக்கும். மதிப்பு மாற வேண்டுமென்றால் அதைத் திருப்பித் தரும் ஒரு மெத்தட் எழுதி, அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்யுங்கள்.

## படி 3: பிழை வரவில்லையா? சரியான மெத்தடுதானா என்று பாருங்கள்

ஒரே பெயரில் தாய் கிளாஸிலேயே இரண்டு வடிவங்கள் இருக்கலாம். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஓவர்ரைடு செய்திருந்தால் கம்பைலர் தலையாட்டிவிடும்.

ஆண்ட்ராய்டில் இது அடிக்கடி நடக்கும். ஆக்டிவிட்டி கிளாஸில் ஆன்கிரியேட் மெத்தடுக்கு இரண்டு வடிவங்கள். பண்டில் ஒன்றை மட்டும் வாங்குவது நமக்கு வேண்டியது. பண்டிலோடு பெர்சிஸ்டபிள்பண்டில் என்ற இரண்டாவதையும் வாங்கும் வடிவம் 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் வந்தது. மேனிஃபெஸ்ட் ஃபைலில் அதற்குரிய தனி அமைப்பு இருந்தால்தான் சிஸ்டம் இரண்டாவதை அழைக்கும். எடிட்டர் தானாக நிரப்பும் பட்டியலில் அவசரமாக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், செயலி திறக்கும், கிராஷ் ஆகாது, வெள்ளைத் திரை மட்டும் நிற்கும்.

குறிப்பு: மெத்தடின் தலைவரியைக் கையால் தட்டாதீர்கள். இன்டெல்லிஜே ஐடியாவிலும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிலும் கண்ட்ரோல், ஓ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஓவர்ரைடு செய்யத்தக்க மெத்தடுகளின் பட்டியல் வரும். பாராமீட்டர்களையும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல், யு அழுத்தினால் எந்தத் தாய் மெத்தடை ஓவர்ரைடு செய்திருக்கிறீர்களோ அங்கே கூட்டிப்போகும். தவறான இடத்துக்குப் போனால் விடை தெரிந்துவிட்டது.

## படி 4: டீபக்கரில் "திஸ்" யார்?

இந்த அத்தியாயத்தில் ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

1. தாய் கிளாஸின் மெத்தடில் முதல் வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வையுங்கள். சேய் கிளாஸின் மெத்தடிலும் ஒன்று வையுங்கள்.
2. டீபக் முறையில் ஓட்டுங்கள்.
3. எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.
4. தாய் மெத்தடில் நின்றால், வேரியபிள் பட்டியலில் "திஸ்" என்பதன் கிளாஸ் பெயரைப் படியுங்கள்.

பலன் இப்படி:

- திஸ் என்பது தாய் கிளாஸ்: ஆப்ஜெக்டே தவறு. படி 5.
- திஸ் என்பது உங்கள் சேய் கிளாஸ், ஆனாலும் தாய் மெத்தடில் நிற்கிறது: கால் ஸ்டாக்கில் ஒரு வரி கீழே பாருங்கள். உங்கள் மெத்தட் அங்கே இருந்தால் அதுவே சூப்பர் வழியாகத் தாயை அழைத்திருக்கிறது, அது பழுதல்ல. இல்லையென்றால் ஓவர்ரைடு நடக்கவில்லை. படி 1, 2, 6 மூன்றையும் பாருங்கள்.
- இரண்டிலும் நிற்கவில்லை: இருவரையும் யாரும் அழைக்கவில்லை, அல்லது பேரன் கிளாஸ் ஒன்று உங்களுடையதையும் ஓவர்ரைடு செய்திருக்கிறது. இன்டெல்லிஜேயில் கண்ட்ரோல், ஹெச். எக்லிப்ஸில் கண்ட்ரோல், டி. கிளாஸ்களின் வம்சாவளி தெரியும்.
- உங்கள் மெத்தடில்தான் நிற்கிறது: ஓவர்ரைடு வேலை செய்கிறது. படி 7.

டீபக்கர் வைக்க முடியாத இடமென்றால், மெத்தடின் முதல் வரியில் கெட்கிளாஸ்().கெட்நேம்() என்பதை அச்சிடுங்கள். யார் அழைத்தார்கள் என்று தெரிய, த்ரெட்.டம்ப்ஸ்டாக்() என்ற ஒரே வரி போதும். வேலை முடிந்ததும் இரண்டையும் நீக்க மறக்காதீர்கள்.

## படி 5: ஆப்ஜெக்ட் எங்கே பிறக்கிறது?

1. புராஜெக்ட் முழுவதிலும் "நியூ" என்ற சொல்லோடு தாய் கிளாஸின் பெயரைத் தேடுங்கள். சேய் கிளாஸ் எழுதியபின் ஆப்ஜெக்ட் உருவாக்கும் வரியை மாற்ற மறந்திருப்பது மிகச் சாதாரணம்.
2. ஆப்ஜெக்டை ஒரு ஃபேக்டரி மெத்தட் தருகிறதென்றால் அதன் உள்ளே போய், எந்தக் கிளாஸை உருவாக்குகிறது என்று படியுங்கள். கான்ஃபிக் ஃபைலில் கிளாஸ் பெயர் இருந்தால் அதையும் பாருங்கள்.
3. ஸ்பிரிங் பயன்படுத்துகிறீர்களா? உங்கள் சேய் கிளாஸ் பீனாகப் பதிவாகியிருக்கிறதா, எந்த பீன் உண்மையில் உள்ளே வந்திருக்கிறது என்று சோதியுங்கள். தாய், சேய் இரண்டும் பீன்கள் என்றால் எது முதன்மை என்று @பிரைமரி கொண்டு தெளிவாகச் சொல்லுங்கள்.

அச்சிட்ட கிளாஸ் பெயரின் நடுவே இரண்டு டாலர் குறிகள் அடுத்தடுத்து இருந்தால் பதற வேண்டாம். ஸ்பிரிங் தன் பங்குக்கு உருவாக்கிய பிராக்ஸி கிளாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த முன்பகுதிப் பெயர் உங்கள் கிளாஸா, தாய் கிளாஸா என்று மட்டும் பாருங்கள். இந்த வகைப் பிராக்ஸி தன் வேலைக்கு ஓவர்ரைடையே நம்பியிருக்கிறது. அதனால் ஃபைனல் மெத்தடிலும் பிரைவேட் மெத்தடிலும் அதன் கை நுழையாது. ஒரு மெத்தட் தன் கிளாஸுக்குள்ளேயே இன்னொரு மெத்தடை அழைத்தாலும் பிராக்ஸியைத் தாண்டிப் போய்விடும். டிரான்ஸாக்ஷன் குறிப்பு போட்டும் டிரான்ஸாக்ஷன் தொடங்கவில்லை என்றால் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

## படி 6: ஓடுவது புதிய பில்டுதானா?

எளிய சோதனை: உங்கள் மெத்தடில் வேண்டுமென்றே ஒரு எக்செப்ஷனை வீசச் செய்யுங்கள். டெஸ்ட் சூழலில் மட்டும். புரோகிராம் சலனமில்லாமல் ஓடி முடிந்தால், படி 4-இல் ஆப்ஜெக்ட் சரி என்று பார்த்திருந்தால், ஓடுவது பழைய ஃபைல்.

1. சுத்தமாகப் பில்டு செய்யுங்கள். மேவனில் கிளீன் பேக்கேஜ், கிரேடிலில் கிளீன் பில்டு.
2. முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். டீபக்கர் ஓடும்போதே நிரலை மாற்றிப் புகுத்தும் ஹாட்ஸ்வாப் வசதி, சாதாரண ஜாவாவில் ஏற்கெனவே உள்ள மெத்தடின் உடலை மட்டுமே மாற்றும். புதிதாக ஓவர்ரைடு எழுதுவது என்றால் கிளாஸில் புதிய மெத்தட் ஒன்றைச் சேர்ப்பது. ஹாட்ஸ்வாப் அதை ஏற்காது. மூலையில் வந்து மறையும் சிறு அறிவிப்பைக் கவனிக்காதவர்கள் ஓவர்ரைடைச் சந்தேகிக்கிறார்கள்.
3. பல மாட்யூல் புராஜெக்டா? சேய் கிளாஸ் உள்ள மாட்யூலை இன்ஸ்டால் செய்தபின் மெயின் மாட்யூலைப் பில்டு செய்யுங்கள்.
4. ஒரே கிளாஸ் இரண்டு ஜார் ஃபைல்களில் இருக்கிறதா? ஜாவாவை மைனஸ் வெர்போஸ் கோலன் கிளாஸ் என்ற ஆப்ஷனோடு ஓட்டினால், ஒவ்வொரு கிளாஸும் எந்த ஃபைலிலிருந்து ஏறியது என்று வரிசையாக அச்சாகும். அதில் உங்கள் கிளாஸைத் தேடுங்கள்.
5. கிளாஸ் ஃபைலுக்குள் உங்கள் மெத்தட் இருக்கிறதா? ஜாவாபி கருவியை மைனஸ் பி ஆப்ஷனோடு அந்தக் கிளாஸ் ஃபைலின் மேல் ஓட்டுங்கள். எல்லா மெத்தடுகளின் தலைவரியும் தெரியும். தாய் கிளாஸுக்கும் இதையே செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது சோதனைக்கு ஒரு சிறப்புப் பயன் உண்டு. @ஓவர்ரைடு குறிப்பு மூல நிரலில் மட்டும் வாழ்வது. கம்பைல் ஆனபின் கிளாஸ் ஃபைலில் அதன் சுவடே இருக்காது. நீங்கள் கம்பைல் செய்தது லைப்ரரியின் பழைய பதிப்போடு, சர்வரில் இருப்பது புதிய பதிப்பு, இடையில் தாய் மெத்தடின் பாராமீட்டர் மாறிவிட்டது என்றால், ஓடும்போது யாரும் எச்சரிக்க மாட்டார்கள். மேவனின் டிபென்டன்சி ட்ரீ கட்டளையில் லைப்ரரியின் பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.

எச்சரிக்கை: கோபத்தில் மேவனின் லோக்கல் ரெபாசிட்டரி முழுவதையும் அழிக்காதீர்கள். இணையத்தில் இல்லாத, கையால் சேர்த்த ஜார்கள் அதில் இருந்தால் திரும்பக் கிடைக்காது. சந்தேகத்துக்குரிய லைப்ரரியின் ஃபோல்டரை மட்டும் நீக்குங்கள்.

## படி 7: ஓடுகிறது, ஆனால் ஓடாதது போலத் தெரிகிறது

### 7.1 கன்ஸ்ட்ரக்டருக்குள் அழைப்பு

தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் தயார்செய்() என்ற மெத்தடை அழைக்கிறது. நீங்கள் அதை ஓவர்ரைடு செய்து, சேய் கிளாஸில் "தள்ளுபடி = 10" என்று மதிப்புக் கொடுத்து வைத்த வேரியபிளை உள்ளே படிக்கிறீர்கள். கிடைப்பது 0.

காரணம் வரிசை. முதலில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் முழுதாக ஓடி முடிய வேண்டும், பிறகுதான் சேயின் வேரியபிள்களுக்கு மதிப்பு ஏறும். உங்கள் மெத்தட் அதற்கு முன்பே ஓடிவிட்டது. இன்னொரு வகையிலும் இது வெட்டும்: தயார்செய்() உள்ளே ஒரு லிஸ்டை உருவாக்கி வேரியபிளில் வைத்திருப்பீர்கள். அந்த வேரியபிளை அறிவித்த இடத்தில் "= நல்" என்று எழுதியிருந்தால், பின்னால் வரும் அந்த வரி லிஸ்டைத் துடைத்துவிடும்.

தீர்வு: கன்ஸ்ட்ரக்டரிலிருந்து, ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடை அழைக்காதீர்கள். தயார்செய்() மெத்தடை ஆப்ஜெக்ட் உருவான பிறகு தனியாக அழையுங்கள்.

### 7.2 ஈக்குவல்ஸ் சரி, ஹேஷ்கோடு இல்லை

ஈக்குவல்ஸைச் சரியாக ஓவர்ரைடு செய்தும் ஹேஷ்செட்டில் ஒரே மாணவர் இரண்டு முறை சேர்கிறார். ஹேஷ்செட் முதலில் ஹேஷ்கோடைப் பார்க்கும். அது வேறுபட்டால் ஈக்குவல்ஸை அழைக்கவே அழைக்காது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ட்ரீசெட் என்றால் இரண்டுமே அங்கே செல்லாது. அது கம்பேர்டு மெத்தடையோ நீங்கள் கொடுத்த கம்பாரேட்டரையோ மட்டும் கேட்கும்.

### 7.3 விடையைப் பின்னால் வேறு யாரோ மாற்றுகிறார்கள்

உங்கள் மெத்தட் திருப்பித் தரும் மதிப்பையும் திரையில் வரும் மதிப்பையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால், இடையில் கேஷ் ஏதாவது பழைய மதிப்பைத் தருகிறதா என்று பாருங்கள்.

## மற்ற மொழிகளில் முதலில் பார்க்க வேண்டியவை

- சி ஷார்ப்: தாயில் விர்ச்சுவல், சேயில் ஓவர்ரைடு, இரண்டு சொல்லும் கட்டாயம். தாயில் மட்டும் எழுதிச் சேயில் விட்டால் மெத்தட் மறைக்கப்படும். கம்பைலர் சிஎஸ்0114 என்ற எண்ணில் எச்சரிக்கும். எச்சரிக்கைதானே என்று தாண்டாதீர்கள்.
- சி பிளஸ் பிளஸ்: தாயில் விர்ச்சுவல் இருக்கிறதா, கான்ஸ்ட் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 2011 தரத்தில் வந்த ஓவர்ரைடு சொல்லை எழுதினால் கம்பைலரே பிடித்துத் தரும். சேய் ஆப்ஜெக்டைத் தாய் டைப் வேரியபிளில் நகலெடுத்தால் சேய்ப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். ரெஃபரன்ஸோ பாயின்டரோ பயன்படுத்துங்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் அழைத்தால் இங்கே தாயின் வடிவமே ஓடும், ஜாவாவுக்கு நேர் எதிர்.
- பைத்தான்: பெயர் மட்டுமே கணக்கு. இரட்டை அடிக்கோட்டில் தொடங்கி அதேபோல முடியாத பெயர்களை மொழியே உள்ளுக்குள் கிளாஸ் பெயர் சேர்த்து மாற்றிவிடும், அவை ஓவர்ரைடு ஆகா. ஒரே கிளாஸில் அதே பெயரில் இரண்டு மெத்தட் இருந்தால் பின்னதே நிற்கும். டிக்டை நீட்டித்துக் கெட்ஐட்டம் மெத்தடை மாற்றினாலும் கெட் மெத்தட் அதை மதிக்காது. அதற்கு யூசர்டிக்டை நீட்டியுங்கள். 2023-இல் வந்த 3.12 பதிப்பில் ஓவர்ரைடு குறிப்பு உண்டு. அதைச் சோதிப்பது டைப் செக்கர் மட்டுமே.
- ஜாவாஸ்கிரிப்ட்: தாய் கிளாஸில் ஏரோ ஃபங்ஷனை ஃபீல்டாக எழுதியிருந்தால், அது ஒவ்வொரு ஆப்ஜெக்டின் மேலும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். சேயில் எழுதிய சாதாரண மெத்தட் அதன் பின்னால் மறைந்துவிடும். டைப்ஸ்கிரிப்டில் 4.3 பதிப்பிலிருந்து நோஇம்ப்ளிசிட்ஓவர்ரைடு அமைப்பை இயக்கி, ஓவர்ரைடு என்று எழுதுவதைக் கட்டாயமாக்கலாம்.

## பழுது தீர்ந்த பிறகு

1. ஒரு டெஸ்ட் எழுதுங்கள். அதில் வேரியபிளைத் தாய் கிளாஸின் டைப்பாகவே அறிவியுங்கள். சேய் டைப்பாக அறிவித்த டெஸ்ட், 2.1-இல் பார்த்த பிழையைப் பிடிக்காது.
2. அந்த மெத்தடை அழைக்கும் எல்லா இடங்களையும் தேடிப் பாருங்கள். இதுவரை 600 ரூபாய் போட்ட பில் இன்றுமுதல் 540 போடும். பழைய விடையை நம்பி யாராவது வேறிடத்தில் கையால் தள்ளுபடி கழித்திருந்தால், இப்போது தள்ளுபடி இரண்டு முறை போகும்.
3. சூப்பர் வழியாகத் தாய் மெத்தடை அழைக்க வேண்டிய இடமா என்று ஆவணத்தில் பாருங்கள். ஆண்ட்ராய்டின் ஆன்கிரியேட்டில் அதை விட்டால் செயலி எக்செப்ஷனோடு நின்றுவிடும்.
4. சோதனைப் பிரிண்ட் வரிகளை நீக்கி, காரணத்தை ஒரே வரியில் கமிட் குறிப்பில் எழுதுங்கள்.
5. எடிட்டரில் @ஓவர்ரைடு விடுபட்டால் எச்சரிக்கும் அமைப்பை இயக்குங்கள். இன்டெல்லிஜேயிலும் எக்லிப்ஸிலும் அது உண்டு.

## மேசையில் ஒட்டிவைக்க

1. @ஓவர்ரைடு எழுதினேனா? பிழை வருகிறதா?
2. பெயர், பெரிய எழுத்து, பாராமீட்டர் டைப் மூன்றும் தாயோடு ஒத்துப்போகின்றனவா?
3. தாய் மெத்தட் பிரைவேட்டா, ஸ்டாட்டிக்கா, வேறு பேக்கேஜா?
4. டீபக்கரில் திஸ் எந்தக் கிளாஸ்?
5. சுத்தமான பில்டு, முழு ரீஸ்டார்ட் இரண்டும் ஆயிற்றா?
6. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து அழைக்கப்படுகிறதா?

இந்த ஆறில் முதல் மூன்றையும் கம்பைலரே உங்களுக்காகப் பார்த்துத் தரும், நீங்கள் @ஓவர்ரைடு எழுதியிருந்தால். எனவே அதைப் பழுது வந்தபின் எடுக்கும் மருந்தாக வைக்காதீர்கள். இன்றே உங்கள் புராஜெக்டைத் திறந்து, அது விடுபட்ட மெத்தடுகளில் எல்லாம் சேர்த்து, ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். எங்காவது பிழை வந்தால், இதுவரை யாரும் கவனிக்காத ஒரு பழுது அங்கே இருக்கிறது.